பிரஷருக்கு அக்குபங்சர்: ஊசி சரி, மாத்திரையை ஏன் நிறுத்தணும்?

அக்குபங்சர் செய்துகொண்டால் ரத்த அழுத்தம் குறையுமா? சிலருக்கு, கொஞ்சம், ஊசி குத்திக்கொண்டிருக்கும் காலம் வரை குறையலாம். மாத்திரை பார்க்கிற வேலையை அது பார்க்குமா? பார்க்காது. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். மற்றவர்களுக்கு, இந்தப் பதிலுக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதையும், "எனக்குப் பிரஷரே போயிடுச்சு" என்று அத்தனை பேர் அடித்துச் சொல்வது பொய் இல்லாமலேயே எப்படித் தப்பாக இருக்க முடியும் என்பதையும் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. மருந்துக் கம்பெனியிலும் வேலை பார்க்கவில்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், அதனால் ஒரு எண்ணைக் காட்டினால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கிற கெட்ட பழக்கம் உண்டு. இந்த விஷயத்தில் தலையைக் கொடுத்தது என் பெரியப்பாவால்.

பெரியப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருஷமாக ரத்தக் கொதிப்பு, பல வருஷமாக அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை. ஐந்து மில்லிகிராமில் ஆரம்பித்து பத்துக்குப் போனதும் கணுக்கால் வீங்க ஆரம்பித்தது, சாயங்காலமானால் சாக்ஸ் போட்ட மாதிரி கோடு விழும். டாக்டரிடம் சொன்னால் "வயசானா அப்படித்தான்" என்று சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டாராம். கூடவே முட்டி வலி. அந்தச் சமயத்தில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் ஒரு அக்கு ஹீலரிடம் கூட்டிப்போனார். அவர் நாடி பார்த்தார், அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார், சாப்பாடு, தூக்கம், மகன் கல்யாணம் வரைக்கும் விசாரித்தார், அப்புறம் ஒரே ஒரு இடத்தில் விரல் வைத்தார். அடுத்தடுத்த முறை ஊசியும் போட்டார். முட்டி வலி நிஜமாகவே தேவலை என்றார் பெரியப்பா, அதை நான் மறுக்கப்போவதில்லை. பிரச்சினை அதற்கு அடுத்த வாக்கியத்தில் வந்தது: "பிரஷர் மாத்திரையையும் விட்டுடுங்க ஐயா, அதுதான் உடம்புல கழிவைச் சேர்க்குது."

விட்டுவிட்டார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. பெரியம்மா மாத்திரை டப்பாவைப் பார்த்துக் கண்டுபிடித்து எனக்குப் போன் செய்தார்.

"பெரியப்பா, மாத்திரையை நிறுத்திட்டீங்களாமே?"

"ஆமாண்டா. மாத்திரை போட்டுக்கிட்டு 150 காட்டுச்சு. இப்ப மாத்திரையே இல்ல, 134. மெஷின் பொய் சொல்லுமா? நீயே சொல்லு."

நல்ல கேள்வி. இதற்கு "அதெல்லாம் மூடநம்பிக்கை பெரியப்பா" என்று பதில் சொல்வது சோம்பேறித்தனம். மெஷின் பொய் சொல்லவில்லை, 134 உண்மையான 134தான். அது யாருடைய 134 என்பதுதான் கேள்வி.

அம்லோடிபின் உடம்பை விட்டு அவ்வளவு சீக்கிரம் கிளம்பாது. ரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். தினமும் போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தினால் அழுத்தம் மறுநாளே எகிறாது, ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழைய இடத்துக்கு ஏறும். ஆக, மாத்திரையை விட்ட முதல் வாரத்தில் மெஷினில் தெரிவது பெரும்பாலும் அதற்கு முன் விழுங்கிய மாத்திரையின் வேலை. ஊசிக்காரர் அந்த இடைவெளியில் வந்து நின்று பேர் வாங்கிக்கொள்கிறார். (அவரும் தெரிந்தே செய்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவரும் அதே மெஷினைத்தான் பார்க்கிறார்.) எல்லா மாத்திரையும் இப்படி நிதானமாக விலகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரைகளையும் குளோனிடினையும் திடீரென்று நிறுத்தினால் அழுத்தமோ இதயத் துடிப்போ முன்பை விட மோசமாகத் திருப்பி அடிக்கலாம். இதயத்தில் அடைப்பு உள்ளவர்களுக்கு அது உயிர் விஷயம்.

இன்னொரு சங்கதி. யாரும் 128 காட்டிய அன்றைக்கு வைத்தியம் தேடிப் போவதில்லை. 160 காட்டிய அன்றைக்குத்தான் போகிறோம். ரத்த அழுத்தம் ஒரு நாளைக்குள்ளேயே இருபது முப்பது ஏறி இறங்குகிற சமாச்சாரம், அதன் உச்சத்தில் போய் நின்றவருக்கு அடுத்த வாரம் எதுவும் செய்யாமல் இருந்தாலே பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும். அந்த ஒரு வாரத்தில் ஊசி குத்தியிருந்தால் ஊசிக்கு நன்றி, மந்திரித்திருந்தால் மந்திரத்துக்கு, முருங்கைக்கீரை சூப் குடித்திருந்தால் கீரைக்கு.

அளக்கிற விதத்தைச் சொல்லவே வேண்டாம். 2024இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 133 பேரை வைத்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சோதித்தார்கள்: கையை எங்கே வைக்கிறோம். மேஜை மேல் இதய மட்டத்தில் வைத்தால் வரும் அளவை விட, மடியில் வைத்தால் மேல் அளவு (140/90 என்றால் அந்த 140) சராசரியாக 3.9 மில்லிமீட்டர் கூடுதலாகவும், பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6.5 கூடுதலாகவும் காட்டியது. இந்த 6.5ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும். நம் ஊர் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று, மூச்சிரைக்க உள்ளே போய், பட்டையைச் சட்டைக்கு மேலேயே சுற்றி, நர்சு "என்ன சாப்டீங்க" என்று கேட்க நாம் பதில் சொல்லிக்கொண்டே அளக்கப்படுகிறோம். ஹீலரிடம் அரை மணி நேரம் கண்ணை மூடிப் படுத்து எழுந்து அளக்கிறோம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் என்ன நியாயம்?

சரி, இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் ஊசிக்கென்று ஏதாவது மிஞ்சுகிறதா? இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குச் சரியான இடத்தில் ஊசி, இன்னொரு பாதிக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் ஊசி, யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியக்கூடாது. படுப்பதும் பேசுவதும் நம்பிக்கையும் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும், இடம் மட்டும்தான் வித்தியாசம். இப்படிப் போலி ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டு, ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒன்றுக்கொன்று நேரெதிரான பதிலோடு வந்தன. எனக்கு இந்த விஷயத்தில் சுவாரசியம் பிறந்ததே அங்கேதான்.

முதலாவது அமெரிக்காவின் பாஸ்டன் பக்கம் நடந்தது, ஷார்ப் என்று பெயர், 2006இல் வெளியானது. 192 பேர். மாத்திரை இல்லாமல் 140/90 முதல் 179/109 வரை இருந்தவர்கள். மூன்று குழு: ஒன்றில் சீன மருத்துவ முறைப்படி ஆளுக்கு ஆள் நாடி பார்த்து இடம் தேர்ந்தெடுத்துக் குத்தினார்கள், இன்னொன்றில் எல்லாருக்கும் முன்கூட்டியே வகுத்த அதே இடங்கள், மூன்றாவது போலி. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் அதிகபட்சம் 12 தடவை. பத்தாவது வாரம் பார்த்தால் உண்மையான ஊசிக்காரர்களுக்கு மேல் அளவு 3.56 குறைந்திருந்தது. போலி ஊசிக்காரர்களுக்கு 3.84. அதாவது போலிதான் ஒரு மயிரிழை முந்தியது, கணக்கில் எடுக்கத் தகுந்த வித்தியாசம் எதுவும் இல்லை. கீழ் அளவில் 4.32, 2.81 என்று உண்மையான ஊசி கொஞ்சம் முன்னால் நின்றது, அதுவும் தற்செயலாக வரக்கூடிய வித்தியாசத்துக்குள்தான்.

இந்த எண்களில் இரண்டு விஷயம் இருக்கின்றன. எதிர்ப்பாளர்கள் "பார்த்தாயா, ஊசி வேலை செய்யவில்லை" என்பார்கள். ஆனால் உண்மை, போலி இரண்டு பக்கமும் சராசரி அழுத்தம் குறைந்திருக்கிறதே! அவர்களில் பல பேரைக் கேட்டால் "எனக்குக் குறைந்தது" என்றுதான் சொல்வார்கள், உண்மையும் அதுதான். இடம்தான் எதுவாக இருந்தாலும் சரி என்று ஆகிவிட்டது.

இரண்டாவது ஜெர்மனியின் எர்லாங்கனில், 2007இல் வெளியானது. 160 பேர், 140 பேர் முழுதாக முடித்தார்கள். ஆறு வாரத்தில் 22 தடவை, ஒவ்வொன்றும் அரை மணி நேரம், பாஸ்டனை விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நாள் முழுக்க இடுப்பில் கட்டிக்கொண்டு திரியும் கருவியால் 24 மணி நேர அழுத்தத்தை அளந்தார்கள், ஆக கை தொங்கியது, டாக்டரைப் பார்த்துப் பயந்தது போன்ற கோளாறுகள் குறைவு. இங்கே போலியை விட உண்மையான ஊசி மேல் அளவை 6.4, கீழ் அளவை 3.7 கூடுதலாகக் குறைத்தது. அக்குபங்சர் ஆதரவாளர்கள் கொண்டாடும் எண் இதுதான், கொண்டாடட்டும், ஒழுங்காகச் செய்த ஆய்வு. ஆனால் கொண்டாடுகிறவர்கள் அதே ஆய்விலிருந்து இரண்டு வரியை விட்டுவிடுகிறார்கள். வந்தவர்களில் 78 சதவீதம் பேர் பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், ஆய்வு முடியும் வரை மாத்திரையை அப்படியே தொடர்ந்தார்கள், ஊசி அதற்கு மேலே ஒரு சேர்க்கை. அப்புறம், ஊசியை நிறுத்தி மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அழுத்தம் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது.

இப்போது அந்த 6.5 ஞாபகம் வருகிறதா? கையைத் தொங்கவிட்டு அளந்தால் வரும் தப்பும் 22 தடவை ஊசி குத்திக் கிடைக்கும் லாபமும் ஒரே அளவு. 6 மில்லிமீட்டர் அற்பம் என்று நான் சொல்லவில்லை, ஒரு ஊர் முழுக்கக் குறைந்தால் பக்கவாதம் எவ்வளவோ குறையும். ஆனால் வீட்டு மெஷினில் இரண்டு முறை அளந்துவிட்டு "ஊசி வேலை செய்கிறது" என்று ஒருவர் தன் கண்ணாலேயே தீர்ப்புச் சொல்லக்கூடிய அளவு இல்லை அது.

இரண்டு ஆய்வும் ஏன் முரண்பட்டன என்பதற்கு ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். தடவைகள் கூடுதல், ஜெர்மனியில் குத்தியவர்கள் சீனாவிலேயே பயின்று வந்தவர்கள், அளந்த முறை வேறு, மாத்திரை இருந்தது இல்லாதது. என் யூகம் தடவைகளும் அளந்த முறையும்தான், ஆனால் யூகம் யூகம்தான்.

கலிபோர்னியாவின் இர்வைனில் ஒரு குழு வேறு வழியில் போனது. ஜான் லாங்ஹர்ஸ்ட், பெங் லீ இருவரும் பல வருஷம் பூனை, எலியில் ஆரம்பித்து, ஊசியில் லேசான மின்சாரம் விட்டால் நரம்பு வழியாகச் சேதி மூளைத்தண்டுக்குப் போய், ரத்தக் குழாயை இறுக்கிப் பிடிக்கும் பகுதியை அடக்குகிறது, அதில் உடம்பே சுரக்கும் ஓபியாய்டுகளுக்கு (வலியைக் குறைக்கும் ரசாயனங்கள்) பங்கு உண்டு என்று வரைபடம் போட்டவர்கள். 2015இல் மனிதர்களிடம் செய்ததை வெளியிட்டார்கள்: மாத்திரை சாப்பிடாத 65 பேர், வாரம் ஒரு தடவை அரை மணி நேரம், எட்டு வாரம். ஒரு பாதிக்கு மணிக்கட்டுக்கு மேலே உள்புறமும் முழங்காலுக்குக் கீழேயும், இன்னொரு பாதிக்கு முன்கையிலும் கீழ்க்காலிலும் வேறு இடங்கள். முதல் குழுவின் 33 பேரில் 70 சதவீதத்தினருக்கு, மேல் அளவு சராசரியாக 6 முதல் 8 வரையும் கீழ் அளவு 4ம் குறைந்தது, ஒன்றரை மாதம் வரை நீடித்தது. ரத்தத்தில் அழுத்தத்தை ஏற்றும் வேலையில் பங்குள்ள இரண்டு சுரப்புகளில் நார்எபிநெஃப்ரின் 41 சதவீதம், ரெனின் 67 சதவீதம் குறைந்தது. இது எனக்குப் பிடித்த ஆய்வு, ஏனென்றால் "சக்தி ஓட்டம்" என்று கைகாட்டிவிட்டுப் போகாமல் என்ன நடக்கிறது என்று ரத்தத்தில் தேடினார்கள். ஆனாலும் சின்ன ஆய்வு, மீதி 30 சதவீதம் பேருக்கு ஒன்றும் நடக்கவில்லை, அவர்கள் யார் என்று முன்கூட்டியே சொல்ல வழியும் இல்லை.

2018இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 22 ஆய்வுகளை, மொத்தம் 1744 பேரை ஒன்றாக வைத்துப் பார்த்தது. போலி ஊசி இல்லாமல் ஒப்பிட்ட ஆய்வுகளில்தான் பெரிய பெரிய பலன்கள் தெரிந்தன, அது பெரும்பாலும் ஆய்வு நடத்திய விதத்தின் சாய்வு என்றது. நாள்பட்ட ரத்த அழுத்தத்துக்குத் தேவையான நீடித்த குறைவுக்கு ஆதாரம் இல்லை என்று முடித்தது. அதற்கு முன்னாலேயே, 2013இல், அமெரிக்க இதய சங்கம் மாத்திரைக்கு வெளியே உள்ள வழிகளை அலசியபோது நடை, ஓட்டம் மாதிரி பயிற்சிக்கு முதல் வகுப்பு கொடுத்துவிட்டு அக்குபங்சரைப் "பலன் இல்லை" என்ற பெட்டியில் போட்டது. யோகாவையும் அதே பெட்டியில்தான் போட்டார்கள், அதனால் சீனாக்காரன் மேல் மட்டும் கோபம் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

நம்ம ஊர் கிளினிக் போர்டுகளில் "உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது" என்று பார்த்திருப்பீர்கள். காற்றில் எழுதியதல்ல, அப்படி ஒரு அறிக்கை உண்டு. 2000களின் தொடக்கத்தில் வந்த அந்த வெளியீட்டின் முதல் பட்டியலில் ரத்த அழுத்தமும் இருக்கிறது. ஆனால் அது வந்தபோது பாஸ்டன், எர்லாங்கன், இர்வைனில் மனிதர்களிடம் செய்த மேற்படி ஆய்வுகளில் ஒன்று கூட வெளிவரவில்லை. போர்டு மட்டும் அப்படியே நிற்கிறது.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்ல ஆசை. அக்குபங்சரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் பிஜோய் குமார் பாசு, எம்.பி.பி.எஸ். படித்த அலோபதி டாக்டர். 1938இல் ஜப்பானோடு போராடிக்கொண்டிருந்த சீனாவுக்குக் காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழுவில், டாக்டர் கோட்னிஸோடு போனவர். பின்னால் மறுபடி சீனா போய் ஊசி கற்றுக்கொண்டு 1959இல் கல்கத்தாவில் ஆரம்பித்தார். அதாவது இங்கே இதைத் தொடங்கிவைத்தவருக்கு ஸ்டெதஸ்கோப்பும் ஊசியும் எதிரிகள் இல்லை. இன்றைக்கு தமிழ்நாட்டில் பரவியிருப்பதன் பெரும்பகுதி வேறு ரகம். ஊசியே இல்லாமல் விரலால் தொடுவது, ஒரே புள்ளி, "நோய் என்று ஒன்றே கிடையாது, கழிவுத் தேக்கம்தான்", "உடம்பு தன்னைத் தானே சரிசெய்யும்", பரிசோதனை வேண்டாம், மருந்து விஷம். பசித்தால் சாப்பிடு, தூக்கம் வந்தால் தூங்கு என்பதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் எர்லாங்கனில் 22 தடவை ஊசி குத்திக் கிடைத்த 6.4ஐ எடுத்துவந்து ஒரு விரல் தொடுதலுக்குச் சான்றிதழாகக் காட்டுவது எந்த ஊர் நியாயம்? பாஸ்டனிலோ எர்லாங்கனிலோ இர்வைனிலோ யாரும் தொட்டு மட்டும் பார்க்கவில்லை.

அந்தக் கழிவுக் கதையில் எனக்கு உண்மையாகவே கோபம் வருவது ஒரே இடத்தில்தான். குறைந்தால் சிகிச்சை வேலை செய்கிறது, கூடினால் "கழிவு வெளியேறுது, பயப்படாதீங்க". எது நடந்தாலும் வைத்தியம் ஜெயிக்கும். பெரியப்பாவுக்கு அதுதான் நடந்தது. சில வாரத்தில் 134 போய் 150 வந்தது, அப்புறம் 170ஐத் தாண்டியது. பின்மண்டையில் பாரமாக இருக்கிறது என்று ஹீலரிடம் போனால், நல்ல அறிகுறி என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாத நோய், உள்ளே கிட்னியையும் மூளை ரத்தக் குழாயையும் சத்தமில்லாமல் கெடுக்கும், 40க்கு மேல் 69 வரை உள்ளவர்களுக்கு மேல் அளவு 20 கூடும் ஒவ்வொரு முறையும் பக்கவாதத்தால் சாகிற ஆபத்து இரட்டிப்புக்கு மேல் ஆகிறது என்று பத்து லட்சம் பேரின் கணக்கு சொல்கிறது. இதில் 170ஐப் பார்த்து "நல்ல அறிகுறி" என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

ஆனால் பழியை ஹீலர் தலையில் மட்டும் கட்டினால் அது பாதிக் கதை. பெரியப்பா ஏன் போனார்? கால் வீங்கியது. அதைச் சொன்னபோது கேட்க ஆள் இல்லை. அம்லோடிபினால் வரும் வீக்கம் அளவைப் பொறுத்தது, பத்தை ஐந்தாகக் குறைத்து டெல்மிசார்ட்டன் மாதிரி வேறொரு பிரஷர் மாத்திரையைச் சேர்த்தாலே பல பேருக்கு வடிந்துவிடும், இது எந்த டாக்டருக்கும் தெரிந்த பால பாடம். சொல்ல இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷம் கிடைக்காத இடத்தில்தான் அரை மணி நேரம் கொடுக்கிறவர் கடை போடுகிறார். வேறொரு டாக்டரைப் பார்த்து மாத்திரையை மாற்றிய பிறகு கால் வீக்கம் குறைந்தது, அளவும் 130 பக்கம் வந்து நின்றது. ஐம்பது அறுபது வயசில் பல பேருக்கும் இந்த மாத்திரைப் பேச்சுதான் என்று ஆகிவிட்டது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி நாட்டில் வயது வந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, நல்ல காரியம். கால் வீங்கினால் என்ன செய்வது என்று கேட்டுச் சொல்லும் வசதியும் அதே அளவுக்கு வாசலுக்கு வந்தால் பாதிப் பேர் மாத்திரையை விடமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் இரண்டு எண். 354 ஆய்வுகளைத் தொகுத்த 2003 கணக்குப்படி, சாதாரண அளவில் ஒரே ஒரு பிரஷர் மாத்திரை சராசரியாக மேல் அளவை 9.1ம் கீழ் அளவை 5.5ம் குறைக்கிறது, தினமும், தொடர்ந்து. இன்னொன்று சீனாவிலிருந்தே வருகிறது. வட சீனாவின் கிராமப்பக்கம் 600 ஊர்களில் ஏறக்குறைய 21,000 பேரை எடுத்து, பாதி ஊர்களுக்குச் சாதாரண உப்புக்குப் பதிலாக நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்து ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய கவனித்தார்கள். மேல் அளவு குறைந்தது சராசரியாக 3.3தான். ஆனால் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது, இறப்பும் குறைந்தது. 2021இல் வெளியானது. ஊசி பிறந்த தேசத்தில் பக்கவாதத்தைக் குறைத்துக் காட்டியது உப்பு டப்பா. ஊசி குத்தியதால் பக்கவாதமோ மாரடைப்போ குறைந்தது என்று மேலே சொன்ன எந்த ஆய்வும் காட்டவில்லை, காட்டும் அளவுக்குப் பெரிதாகவோ நீளமாகவோ எதுவும் நடக்கவில்லை. (கிட்னி பிரச்சினை உள்ளவர்களும், டெல்மிசார்ட்டன், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களும் பொட்டாசியம் உப்பை டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. நம் வீட்டில் ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைப்பதற்கு யாரையும் கேட்கவேண்டாம்.)

பெரியப்பா இப்போதும் ஊசிக்குப் போகிறார், முட்டிக்கு. ஆள் மட்டும் மாறியிருக்கிறது, மாத்திரையைப் பற்றிப் பேசாத ஒருவரிடம். நான் தடுக்கவில்லை. அவருக்கு அங்கே படுத்து எழுந்து வருவது பிடித்திருக்கிறது, பெரியம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரம் வீடு அமைதியாக இருப்பது பிடித்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது போவதாக இருந்தால் சில நடைமுறை விஷயங்கள். ஊசி பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், ஒரு தடவை குத்தியது குப்பைக்குத்தான் போகவேண்டும். வார்ஃபரின், குளோபிடோகிரெல் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மின்சாரம் விடும் ஊசிக்குச் சம்மதிக்கவேண்டாம். நெஞ்சிலும் தோள்பட்டைப் பக்கமும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் பட்டு ஆபத்தாகிய சம்பவங்கள் உண்டு, அனுபவமில்லாதவரிடம் அந்தப் பக்கமே வேண்டாம். அளவை வீட்டிலேயே எழுதி வையுங்கள்: காபி குடித்து அரை மணி நேரம் ஆன பிறகு, சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில், கை மேஜையில், வாய் மூடி, இரண்டு முறை. ஊசி போட்டு எழுந்த கையோடு அளந்ததை அந்த நோட்டில் சேர்க்காதீர்கள். ஊசிக்குப் போய் நிஜமாகவே மாதக்கணக்கில் அளவு இறங்கி நின்றால் அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரையைக் குறைக்கவேண்டுமா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.